வளைக்குள் வராத கிளி

"ஊரெல்லாம் எட்டும்னு அளந்தியே, என் வளைக்குள்ள எட்டாதுன்னு ஏன் சொல்லல?" வளை வாசலில் நின்று, வானத்தில் பறந்து போன கிளியைப் பார்த்துக் கத்தினார் பெருச்சாளியார்.

அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அந்த வீடு அக்கரையில், நடுவில் வாய்க்கால் நிறைய வெள்ளம். முன்பு சேதி கொண்டுவந்தது எறும்பு. இலையில் மிதந்து மெதுவாகத்தான் வரும், ஆனால் படுக்கை வரைக்கும் வந்து காதில் சொல்லும். போன வாரம் ஒரு கிளி வந்து, பாதிக் கூலிக்கு நொடியில் சேதி என்றது. பெருச்சாளியார் பேரம் பேசிக் கால் கூலிக்கு முடித்து, எறும்பை அன்றே நிறுத்திவிட்டார்.

கிளி தினமும் வந்தது. வளைக்கு மேலே பறந்தபடியே சொல்லிவிட்டுப் போனது. உள்ளே இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எறும்பிடம் ஓடினார். "நீயே திரும்ப வந்துடுப்பா."

"மாறிப் போனவங்களுக்கு மூணு அமாவாசை கழிச்சுத்தாண்ணே திரும்ப வேலை பார்ப்போம். ஆமா, அவ்வளவு பேரம் பேசினீங்களே, ஒருதரம் வளைக்குள்ள வந்து பேசிக் காட்டுன்னு கேக்கலையா?"

அதற்குள் கிளி தலைக்கு மேலே பறந்தது.

"உங்கள் மனைவிக்கு..." மீதியைக் காற்று கொண்டுபோனது. "உங்கள் பொறுமைக்கு நன்றி!"

"நன்றி கிடக்கட்டும்! அவ பெத்துட்டாளா இல்லையா? கீழ இறங்கி வந்து என் காதுல சொல்லிட்டுப் போ!"