பெட்டிக்குள் இருந்தவர்

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் மாலையில் தெருவில் கார்கள் கண்மண் தெரியாமல் பறக்கும் என்பதால், வெண்டல் கிராட்ஸ் வருடந்தோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தன் கார் ஷெட்டுக்கே வரவழைத்துவிடுவார். அதுதான் பேய் வீடு. கண்ணைக் கட்டிக்கொண்டு, கிண்ணத்தின் மேல் கவிழ்த்த அட்டைப்பெட்டியின் ஓட்டை வழியே கையை விட வேண்டும். உரித்த திராட்சை என்றால் பேயின் கண், ஆறிப்போன நூடுல்ஸ் என்றால் மூளை.

இந்த முறை தேனீ வேஷத்தில் வந்திருந்த ஆறு வயது டெஸ்ஸா, நூடுல்ஸ் பெட்டிக்குள் கையை விட்டதும் வீறிட்டு அழுதாள்.

"ஐயய்யோ, தேனீக்கு மூக்கு ஒழுகுது பாருங்கடா!" என்றார் வெண்டல். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. டெஸ்ஸா கையை வெளியே எடுத்துக் கண்கட்டை அவிழ்த்தாள்.

"பாத்தியா, வெறும் நூடுல்ஸ்தான்," என்றார் வெண்டல்.

"உள்ள இருக்கிறவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, மிஸ்டர் கிராட்ஸ். நீங்க சிரிச்சப்ப இன்னும் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க."

வெண்டலுக்கு முகம் சுண்டிப்போனது. மன்னிப்புக் கேட்க அவர் வாயெடுப்பதற்குள் அவளுடைய அம்மா வந்து கூட்டிப்போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கிண்ணமும் நூடுல்ஸும் தவிர வேறெதுவும் இல்லை. திரும்பக் கவிழ்த்து வைத்துவிட்டு, தயங்கியபடி ஓட்டைக்குள் கையை விட்டார்.

வெதுவெதுப்பான விரல்கள் தட்டுப்பட்டன. அவர் கை பட்டதுமே அவை வெடுக்கென்று விலகி மூலையில் ஒடுங்கின.

"பயப்படாதீங்க," என்றார் வெண்டல்.

அட்டைப்பெட்டி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.