குண்டம் இறங்கிய பன்னிரண்டாம் நாள்

கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

தொடும்போது சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். நைலான் நரம்பு போல மெல்லிய ஒன்று. அதைக் காட்டிவிட்டுத்தான் கண்ணை மூடச் சொன்னார்.

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.

புண் வலது காலில். சோதனை இடது காலில்.

இன்னும் தொடவில்லை.

"என்னங்கம்மா, தூங்கிட்டீங்களா?"

"இல்லீங்க. நீங்க தொடுவீங்கன்னுதான் பாத்துட்டிருக்கறேன்."

"பத்து இடம் தொட்டாச்சுங்கம்மா."

கண்ணைத் திறந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இன்னொருவாட்டி பாருங்க."

இந்த முறை சும்மா இருக்கக் கூடாது. மூச்சு விடும் நேரத்துக்கு ஒரு தரம், "இப்ப" என்றாள். "இப்ப. ம், இப்பத் தெரியுது."

நாலாவது 'இப்ப'வைச் சொன்னபோது குழாய்ச் சத்தம் கேட்டது. டாக்டர் அறையின் மறு மூலையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு, ஊர் மாரியம்மன் கோயிலில் தீக்குண்டம் இறங்கினாள்.

அவளுக்கு முன்னால் போனவர்கள் தணலில் ஓடினார்கள். அவள் நடந்தாள். மஞ்சள் சேலை காலில் தட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடைவீதிக்குப் போவதைப் போல.

சுடவில்லை.

கரையேறியதும் பெண்கள் குனிந்து அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இளவயதில் இரண்டு முறை காப்புக் கட்டியிருக்கிறாள். இரண்டு முறையும் நாள் நெருங்கும்போது வீட்டுக்குத் தூரமாகி, கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். ஐம்பத்தோரு வயதில் அது நின்றது. இனித் தடையில்லை என்று சந்தோஷப்பட்டாள்.

அடுத்த ஆறு மாதத்தில் பிரஷர் வந்தது. பிறகு சர்க்கரை. வயசானால் வருவதுதானே என்று இருந்துவிட்டாள். விரத நாட்களில் மாத்திரை டப்பாவைத் திறக்கவே மாட்டாள்.

முதல் வருடம் குண்டம் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். போன வருடம் அவ்வளவாகத் தெரியவில்லை. இந்த வருடம் சுடவேயில்லை.

வருடத்துக்கு வருடம் அம்மன் நெருங்கி வருவதாக நினைத்தாள்.

இந்த வருட வேண்டுதல் மகளுக்காக. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, மேகலாவுக்கு இப்போது நாலாம் மாதம்.

மறுநாள் குளிக்கும்போது பார்த்தாள். வலது பாதத்தில், விரல்களுக்குக் கீழே, கொப்புளம்.

கொப்புளம் வந்தால் விரதத்தில் குறை என்பார்கள்.

விரதத்தில் குறை என்றால், வயிற்றில் இருப்பது?

யாருக்கும் காட்டவில்லை. மஞ்சளைக் குழைத்து வைத்துத் துணி சுற்றினாள். வலி இல்லை. அதனால் ஆறுகிறது என்று நினைத்தாள்.

பத்தாம் நாள், எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று கணவர் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். அவளும் கூடக் குனிந்து தேடினாள். நாற்றம் அவள் காலிலிருந்துதான் என்று தெரிந்து இங்கே கூட்டி வர இன்னும் இரண்டு நாளானது.

"நெருப்பு எல்லாரையும் சுடுங்கம்மா" என்றார் டாக்டர். "உங்க காலுக்குத் தெரியல, அவ்வளவுதான். மாசமாசம் வர்றது நின்னதுக்கப்பறம் நெறையப் பேருக்கு சுகரும் பிரஷரும் சத்தமில்லாம வந்துருது. கவனிக்காம விட்டா நரம்பு போயிரும். பாதத்துலதான் மொதல்ல."

நாளைக் காலையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்றார்.

அவள் விரல்களைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப, விரதத்துல கொறை ஒண்ணும் இல்லீங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நர்ஸ் வந்து கட்டுப் போடுவாள் என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற கணவரிடம் விவரம் சொல்லப் போனார்.

குறை இல்லை. அந்த மட்டும் நிம்மதி.

ஆனால், தணலில் தன் பாதத்தைத் தாங்கிய கையும் இல்லை.

மேகலா திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டதும், அவசரமாகக் கால் மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"அப்பா வெளிய சொன்னாரு. விரலை எடுக்கறாங்களாமா?" மகள் அழுது முடித்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "எப்படிம்மா? குண்டத்துலயா?"

"சேச்சே. செருப்புக் கடிச்சுது கண்ணு. புதுச் செருப்பு. சக்கரைக்கு ஆறல."

"நெசமா?"

"குண்டம் எங்க சுட்டுது? நீதான் கரையில நின்னு பாத்தியே."

மேகலா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது.

"கால்ல புண்ணுன்னு அப்பா போன் பண்ணதுல இருந்து, பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதே நெனப்பும்மா. ஏதாச்சும் கொறையாயிருச்சோன்னு." வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள். "அப்பறம் நானே சொல்லிக்கிட்டேன், எங்கம்மாள அம்மன் சுடாதுன்னு."

அவள் மகளின் தலையைத் தடவினாள். இந்தப் பொய்க்குப் பாவம் இருந்தால், அது தன்னோடு போகட்டும்.

"உங்கிட்டக்கூடச் சொல்லலம்மா. அன்னிக்கு நீ நடந்து வந்ததைப் பாத்தேன் பாரு, அப்பவே நானும் வேண்டிக்கிட்டேன். அடுத்த பங்குனிக்குக் கொழந்தையக் கையில வெச்சுட்டு நானும் எறங்கறேன்னு. ஆறு மாசம் ஆயிருக்கும். உன்னையாட்டவே நடந்துதான் வருவேன், ஓட மாட்டேன்."

தலையைத் தடவிய கை நின்றது.

"வாக்குக் குடுத்துட்டேன். மாத்த முடியாது" என்று மேகலா சிரித்தாள்.

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"கதவைச் சாத்திட்டுக் கிட்ட வா, கண்ணு" என்றாள்.

பிறகு, போர்வையை விலக்கினாள்.