கூட வந்தவர்

சர்க்கரை ஏறிப்போன கணவன் மதியழகன் தினமும் நடக்கட்டும் என்று கோமளவல்லிதான் அந்தப் பச்சை ஜெர்சியை வாங்கிக் கொடுத்தாள். அன்று காலை அதைப் போட்டுக்கொண்டு அவளோடு மெட்ரோ வாசலுக்கு வந்த அவனைக் கண்டதும் கண்காணிப்புக் கேமரா கத்தியது. ‘ரவுடிக் கும்பலின் அடையாளம்’ என்றது திரை.

பெண் காவலர் வந்தார். “நீங்க இவர்கூட வந்தீங்களாம்மா?”

கூட வந்தவர் பெயரும் போலீஸின் ரவுடிப் பட்டியலில் ஏறும். ஏறினால் அவளுடைய ஆசிரியர் வேலை போய்விடும்.

“இல்ல மேடம். யாருன்னே தெரியாது.”

மதியழகன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். “ஆமா மேடம், நான் தனியாத்தான் வந்தேன்” என்றான்.

அவள் ரயிலேறிப் போனாள். பள்ளியில் பாடமே ஓடவில்லை.

விசாரணை முடிந்து, யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையோடு அவன் சாயங்காலம் வீடு திரும்பினான்.

“சாப்டியா கோமளா?”

தட்டு எடுக்கிற சாக்கில் அவள் சமையலறைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.