கடைசி வீட்டு ஓட்டு

கணக்கு வாத்தியாராக இருந்து டிராக்டர் வியாபாரியாகி, இப்போது வடக்கு டகோட்டா சட்டமன்றத்துக்கு நிற்கும் ஆர்வில், ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டுவிட்டு, கையில் மிஞ்சிய தன் பிரசாரப் பலகையோடு கடைசி வீட்டுக்கு வந்தார். புல்வெளியில் எதிர் வேட்பாளரின் பலகை நின்றது. சுருக்கென்றது. கதவைத் தட்டினார்.

திறந்த மார்லிஸ் பொரிந்தாள்.

"வாத்தியாரா இருந்தப்போ வாயைத் திறந்தா பாடம். கடை வச்சப்போ வாயைத் திறந்தா டிராக்டர். இப்ப பிரசங்கமா? என் ஓட்டு கிடையாது!"

"ஜெயிச்சா ஜனவரியிலேர்ந்து நான் தலைநகர்லதான் தங்கணும், மார்லிஸ்."

மார்லிஸ் ஒரு கணம் யோசித்தாள். விறுவிறுவென்று இறங்கிப்போய், அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆர்விலின் பலகையை ஆழமாக ஊன்றினாள்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க. கட்டிக்கிட்ட பாவத்துக்கு, ஜனவரி வரைக்கும் ஆக்கிப் போட்டுத் தொலைக்கிறேன்!"