நைட் ஷிஃப்ட் ஞாபகம்

"நீ மூக்கண்டப்பள்ளிக்குப் போகவே இல்ல. ஹாஸ்டல்ல உட்கார்ந்து எல்லாத்தையும் நீயே டைப் பண்ணியிருக்கே. ஒத்துக்கோ ஹரீஷ்!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பிரியதர்ஷினிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

எம்.எஸ்சி. சைக்காலஜியில் புரோகிராமிங் பேப்பருக்காக இருவரும் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட். வாளி, குடை, சாவி என்று லேப்டாப்பில் பதினைந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாய் வந்து மறையும். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் அதில் எத்தனையை ஞாபகம் வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புரோகிராம் எழுதியது அவள். மூக்கண்டப்பள்ளியில் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வீடு வீடாகப் போய்ச் சோதித்தது அவன்.

"விடிய விடிய மெஷின்ல நின்னுட்டு வர்ற மனுஷங்க, ஒருத்தர்கூட ஒரு வார்த்தை மறக்கல? நான் என்ன காதுல பூ வெச்சிருக்கேனா?"

"அவங்க சொன்னதைத்தானே போட முடியும்? நான் என்ன பண்ணட்டும்?"

"எச்.ஓ.டி.கிட்ட போறேன். உன் திருட்டுத்தனத்துக்கு என் பேப்பரும் சேர்ந்து போகணுமா?"

"தாராளமா போ. அதுக்கு முன்னாடி அங்க ஒருவாட்டி நீயே போய்ப் பாரு." சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டான்.

பொய்க் கணக்கு என்று நிரூபணமானால் அவனுக்கு அந்த வருஷமே போச்சு. போகட்டுமே!

மறுநாள் காலை லேப்டாப்போடு அந்த லைன் வீடுகளுக்கே போய் இறங்கினாள். முதல் வீட்டில் மாரிமுத்து, தேனிப் பக்கத்துக்காரர், அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார். யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு சின்ன டெஸ்ட்டுங்கண்ணா. ஹரீஷ் வந்தாரில்ல, அதேதான்."

மாரிமுத்து விறைப்பாக உட்கார்ந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"வாளி, குடை, சாவி, தேங்காய், சீப்பு, கத்தரி..."

"அண்ணா! நான் இன்னும் ஸ்டார்ட்டே அமுக்கல!"

மாரிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி பார்வதி டீ டம்ளரோடு ஓடி வந்தாள்.

"அவசரக்குடுக்கை மனுசா! அது காட்டி முடிச்ச பெறகுதான சொல்லச் சொன்னேன்?"

பிரியதர்ஷினிக்குச் சுர்ரென்று ஏறியது. "ஹரீஷ்தானே சொல்லிக்கொடுத்தான்? மறைக்காம சொல்லுங்கக்கா!"

"ஐய, அந்தத் தம்பிக்கு ஒண்ணுமே தெரியாது. எப்படிச் செய்யணும்னு பொம்பளைங்க எங்களுக்கு மொதநாளு போட்டுக் காட்டுச்சு. நாங்கதான் மனப்பாடம் பண்ணி, தண்ணி புடிக்கிற எடத்துல லைன் பூரா சொல்லிக்குடுத்துட்டோம்."

"ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

"காலேஜுப் பரீட்சைன்னு சொல்லுச்சே! எங்க ஆளுக தூக்கக் கலக்கத்துல தப்புத்தப்பாச் சொல்லி, படிக்கிற புள்ளைக மார்க்கைக் கெடுக்கலாமா?"

பார்வதி டீயை அவள் கையில் திணித்தாள்.

"நீயும் பயப்படாத தாயி. எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போ. ஒனக்கும் ஃபுல் மார்க்குதான்!"