ஒரு வரி முன்னால்

நான்காவது முறையும் பாட்டு அதே இடத்தில் குலைந்தது. பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டு அது. மறுநாள் போட்டியில் எல்லா ராக் குழுக்களும் அதையே பாட வேண்டும். இரண்டாவது சரணத்தில் அவள் பாடி முடிப்பதற்குள் கொழுந்தனின் ட்ரம்ஸ் ஒரு வரி முன்னால் ஓடிவிடுகிறது.

கிட்டாரும் கையுமாக நின்ற கணவனைக் கார் ஷெட்டுக்கு வெளியே இழுத்துவந்தாள்.

"உங்க தம்பி வேணும்னேதான் பண்றான்."

"சும்மா இரு. சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு இந்தப் பாட்டு அத்துப்படி."

"அதான் சொல்றேன். அத்துப்படியா தெரிஞ்சவன் தினம் ஒரே இடத்துல தப்பு பண்ணுவானா? போன வாரம் எதிர் குழு ஆளோட டீ குடிச்சிட்டிருந்தான். என் கண்ணால பார்த்தேன்."

கொழுந்தன் பின்னாலேயே நின்றிருந்தான். உள்ளே போய், தன் பழைய இசைத்தட்டை எடுத்துவந்து சுழலவிட்டான்.

"நான் போன்லயெல்லாம் பாட்டு கேக்கறதில்ல அண்ணி. இதுலதான் கத்துக்கிட்டேன். நீங்களே கேளுங்க."

இரண்டாவது சரணம் வந்தது. ஊசி ஒரு கீறலில் துள்ளி, ஒரு வரியைத் தாண்டிக் குதித்தது.

அவள் போனில் அதே பாட்டை ஓடவிட்டாள். தாண்டிப்போன வரி அதில் தெளிவாகக் கேட்டது. கொழுந்தன் முகம் வெளிறியது.

"அப்ப அந்த வரி நிஜமாவே இருக்கா? என்னைக் கழட்டிவிடறதுக்காக நீங்களா சேர்த்துப் பாடறீங்கன்னு நெனச்சேன். அந்தக் கோபத்துலதான் அவங்ககிட்ட சேரப் போனேன்."

"சேர்த்துக்கிட்டாங்களா?"

"எங்க, அண்ணி? இதே பாட்டைத்தான் வாசிக்கச் சொன்னாங்க. அவங்க குழுவைக் கெடுக்க நீங்க அனுப்பிவச்ச ஆளுன்னு விரட்டிட்டாங்க."