குளிரறையில் ஒரு தொப்பி

குளிரறைக் கதவு சாத்தப்பட்டதும் அவள் எண்ணத் தொடங்கினாள்.

சுற்றிலும் ஐஸ் பாளங்கள். வெளியே தூத்துக்குடியின் மே மாதம்.

தலையில் அவளே பின்னிய கம்பளித் தொப்பி. காதையும் கழுத்தையும் மூடியது. பனிமலையில் காவல் நிற்கும் படைவீரர்களுக்காக மாலை நேரப் பின்னல் வகுப்பில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து முப்பத்து நான்கு தொப்பிகள் பின்னியிருந்தார்கள். நாளை பார்சல் கிளம்புகிறது.

கதகதப்பாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர்களில் ஒருவரும் பனியைப் பார்த்ததில்லை.

அது அவளை உறுத்தியது. துறைமுகத்தில் குளிர் இருக்கும் இடம் ஐஸ் கம்பெனி ஒன்றுதான். கேட்டாள். அங்கே வேலை பார்க்கும் சூசை அண்ணன் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார். பத்து நிமிடத்தில் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அறுநூறு வரை எண்ணிவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

வேகமாக எண்ணிவிட்டோம் போல என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

தோளில் ஒரு தட்டு. சூசை அண்ணன்.

"ஏட்டி, கதவத் தொறந்து மூணு தரம் கூப்புட்டாச்சு. செவிடாயிட்டியா?"

காது கதகதப்பாகத்தான் இருந்தது.

வகுப்பு நடத்தும் அமலோற்பவம் அக்காவின் மகனும் அந்த மலையில்தான் இருக்கிறான். குளிரில் காது வலிப்பதாகப் போனில் ஒருமுறை சொன்னான். அன்றிலிருந்து எல்லாத் தொப்பியிலும் காதுக்கு உள்பக்கம் இரண்டு அடுக்கு கூடுதலாகத் தைத்தார்கள். பாசம் அதிகமானவர்கள் மூன்று.

நோட்டில் எழுதினாள். 'குளிர் தெரியவில்லை. குரல் கேட்கவில்லை.'

இரண்டாவது வரியை அடித்தாள்.

மறுபடி எழுதினாள்.

மாலை வகுப்பில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சேர்ந்து ஏழு வாரம்தான். அவள் தொப்பியையே இரண்டு முறை பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னாள். தொப்பி போட்டால் கூப்பிடுவது கேட்கவில்லை என்று.

ஏழு வாரத்தில் டீச்சராகிவிட்டாள் என்று கூடப் பின்னும் செல்வராணி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. டேப்பைக் கிழித்தார். ஒரு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

"இப்பக் கூப்புடு."

அவள் கூப்பிட்டாள். பிறகு செல்வராணி கூப்பிட்டாள்.

அக்காவின் முதுகு அசையவில்லை.

சிரிப்பு நின்றது.

அக்கா தொப்பியைக் கழற்றி எல்லோர் முகத்தையும் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தார். செல்வராணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குள் முப்பத்து நான்கும் பிரித்துத் தைக்கப்பட்டன. ஒரே ஓர் அடுக்கு, நெருக்கமான தையல்.

மறுநாள் காலை ஐஸ் கம்பெனி வாசலில் பன்னிரண்டு பேரின் செருப்புகள். பட்டாளத்துக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் தொப்பி செய்திருப்பதாக, மீன் ஏற்ற வந்த டிரைவர்களிடமெல்லாம் சூசை அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மட்டும் உள்ளே போனாள். வாசலுக்கு முதுகு காட்டி நின்றாள். அறுநூறு எண்ணினாள்.

காது சில்லென்றது. பொறுக்க முடிந்தது.

கதவு திறந்தது.

அக்கா அவள் பெயரைச் சொல்லவில்லை.

"கிளிட்டஸு," என்றார். மகனின் பெயர். உரக்கக்கூட இல்லை.

பாளங்களுக்கு நடுவே நின்றவள் திரும்பினாள்.